பிரிட்டனில் பழைய எம்ஜிபி டூரர் வாங்குவது எப்படி: விளம்பரம் பார்ப்பதிலிருந்து முதல் சர்வீஸ் வரை

பிரிட்டனில் இருந்துகொண்டு, கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற மாதிரி ஒரு பழைய ஆங்கிலேயக் கார் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆரம்பத்தில் எனக்கு இந்த விஷயத்தை உட்கார வைத்துச் சொல்லித்தர ஆள் இல்லை. துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் பல வாரம் அலைந்து. இதைப் படிக்கிறவர்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

நான் பேசப்போவது எம்ஜிபி பற்றி மட்டும். இங்கிலாந்தில் எம்ஜி கம்பெனியின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்தார்கள், மூடிய கூரை ஜிடியையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதனால் சந்தையில் எப்போதும் வண்டி இருக்கும், பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கும், முழு உடற்கூடே கூடப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முதல் பழைய கார் வாங்குகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு எனக்குத் தெரிந்து இல்லை. திறந்த கூரை வண்டியைக் கம்பெனியின் கையேட்டிலேயே ‘டூரர்’ என்றுதான் போட்டிருப்பார்கள், விளம்பரங்களில் ‘ரோட்ஸ்டர்’ என்று வரும். இரண்டும் ஒன்றுதான்.

1. முதலில் லைசென்ஸும் இன்சூரன்ஸும்

வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். இந்திய, இலங்கை லைசென்ஸோடு பிரிட்டனில் குடியேறியவர்கள் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் அதை வைத்து ஓட்டலாம், அதற்குப் பிறகு இங்கே தேர்வெழுதி இங்கத்திய லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். நம்மவர்கள் பலர் சீக்கிரம் பாஸ் ஆகட்டும் என்று ஆட்டோமேட்டிக் வண்டியில் டெஸ்ட் கொடுக்கிறார்கள். அந்த லைசென்ஸை வைத்து எம்ஜிபி ஓட்ட முடியாது. ஆட்டோமேட்டிக் எம்ஜிபி கொஞ்ச காலம் விற்றார்கள், ஆனால் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆகவே மேனுவல் டெஸ்ட் பாஸ் பண்ணிய பிறகு மேலே படியுங்கள்.

இன்சூரன்ஸுக்குப் பழைய கார்களுக்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டியது ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசி. வண்டி போனால் எவ்வளவு தருவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசி முடித்துக்கொள்வது அது. சாதாரண பாலிசி எடுத்தால், விபத்துக்குப் பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை. இந்தப் பாலிசிகளில் சில நிபந்தனைகள் வழக்கமாக இருக்கும்: வருடத்துக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது, தினசரி ஓட்ட வேறு கார் வீட்டில் இருக்க வேண்டும், இரவில் கராஜில் நிற்க வேண்டும். இருபது வருடம் இங்கே ஓட்டியவருக்கு வருடம் நூற்றுச் சொச்சம் பவுண்டில் முடிகிற விஷயம் லைசென்ஸ் புதிதாக எடுத்தவருக்குப் பல மடங்கு ஆகலாம், சிலர் கொடுக்கவே மாட்டார்கள். பிடித்த வண்டியின் பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன் போன் செய்து விலை கேளுங்கள்.

இன்னொன்று, இது இரண்டு பேர் வண்டி. பின்னால் இருப்பது சாமான் வைக்கிற இடம். குழந்தைகளை அங்கே உட்கார வைக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம்.

2. எந்த வருடத்து வண்டி?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1974 கடைசி வரை வந்தவை குரோம் பம்பர் வண்டிகள், அதற்குப் பிறகு வந்தவை கறுப்பு ரப்பர் பம்பர். அமெரிக்க விதிகளுக்காக ரப்பர் பம்பர் வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள், அதனால் வளைவில் கொஞ்சம் சாயும். அழகு குறைவு என்று சொல்லி விலையும் குறைவாகவே போகும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் துருப்பிடித்த குரோமை விட நல்ல ரப்பர் பம்பர் வண்டியை எடுங்கள் என்பதுதான் என் கட்சி.

1967 கடைசியில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, நகர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் கறகறக்கும். மின்சாரமும் பாசிட்டிவ் எர்த், அதாவது பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இதைத் தெரியாமல் இன்றைய ரேடியோவையோ சார்ஜரையோ மாட்டினால் அது போயே போய்விடும். 1968 மாடலிலிருந்து நான்கு கியருக்கும் சிங்க்ரோ, ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த். புதிதாக வருகிறவர்களுக்கு 1968 முதல் 1974 வரையிலான வண்டி வசதி.

எந்த வருடமானாலும் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் போனால் இன்ஜின் அலறும், பேச முடியாது. 1975 வரை அது கூடுதல் காசு கொடுத்து வாங்குகிற பொருளாக இருந்ததால் எல்லா வண்டியிலும் இருக்காது.

3. வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யும் சோதனை

விளம்பரத்தில் ‘நன்றாகப் பராமரிக்கப்பட்டது’ என்று எல்லோரும்தான் போடுகிறார்கள். அந்த வார்த்தைக்கு ஆதாரம் ரசீது. போன் செய்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பில் ஃபைல் இருக்கிறதா, கடைசியாக எந்த வருடம் எதற்குச் செலவு செய்தீர்கள் என்பது. உண்மையிலேயே பராமரித்தவர் தடுக்கிவிடாமல் சொல்லுவார், நீங்கள் போதும் என்றாலும் நிறுத்தமாட்டார்.

அடுத்து, பதிவு எண்ணை வைத்து அரசின் இணையதளத்தில் எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள். காசு கிடையாது. 2005 வாக்கிலிருந்து ஒவ்வொரு சோதனையிலும் பாஸா ஃபெயிலா, எத்தனை மைல், என்னென்ன எச்சரிக்கை எழுதினார்கள் எல்லாம் இருக்கும். ‘துரு’ என்ற குறிப்பு எந்தப் பகுதியில், எந்த வருடம் வந்தது, அடுத்த வருடம் மறைந்ததா என்று பாருங்கள். மறைந்திருந்தால் அந்த வேலைக்கான பில் ஃபைலில் இருக்க வேண்டும். மைல் மீட்டர் ஐந்து இலக்கம்தான், 99,999க்குப் பிறகு மறுபடி சைபரிலிருந்து தொடங்கும். ஆகவே 40,000 மைல் என்று எழுதியிருப்பது 1,40,000 ஆகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு பொறி. 40 வருடத்தைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி கட்டாயமில்லை. அதனால் 2018க்குப் பிறகு வரலாறே இல்லாத வண்டிகள் நிறைய. சட்டப்படி தப்பில்லை. ஆனால் அத்தனை வருடம் யாரும் அதன் அடியில் விளக்கடித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ‘புது எம்ஓடி போட்டுத் தாருங்கள், கட்டணம் நான் தருகிறேன்’ என்று கேளுங்கள். அதிகபட்சக் கட்டணமே 54 பவுண்டு 85 பென்ஸ். ஒருவர் நான் கேட்டதும் பேச்சை மாற்றினார், அப்புறம் போனே எடுக்கவில்லை. அந்த வண்டியை நான் போய்ப் பார்க்கவில்லை.

கடைசியாக, திருட்டு, கடன், விபத்துப் பதிவு உண்டா என்று பார்க்கிற பின்புலச் சோதனை. இருபது பவுண்டு வாக்கில் ஆகும். பழைய வண்டிக்கு யார் கடன் கொடுக்கப் போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

4. காகிதங்கள்

நேரில் போனதும் வண்டியைச் சுற்றி வருவதற்கு முன் வி5சி என்கிற பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். நம்மூர் ஆர்.சி. புத்தகம் மனதில் இருப்பதால் பலர் இதில் பெயர் இருப்பவரே சொந்தக்காரர் என்று நினைக்கிறார்கள். வி5சி சொத்துரிமைப் பத்திரம் கிடையாது, அது வண்டியை வைத்திருப்பவராக யார் பதிவாகியிருக்கிறார் என்பதை மட்டும்தான் சொல்லும், அதன் மேலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கும். ஆகவே விற்பவர் தானே வாங்கியபோது பெற்ற ரசீதையும் கேட்டுப் பாருங்கள். வண்டி நிற்கிற வீட்டு முகவரியும் வி5சியில் உள்ள முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு இடத்தில், கார் பார்க்கிங்கில் சந்திக்கலாம் என்றால் வேண்டாம்.

அப்புறம் எண்களைச் சரிபாருங்கள். பானட்டைத் திறந்தால் சேஸிஸ் எண் தகடு தெரியும். திறந்த வண்டி என்றால் ‘ஜிஎச்என்’ என்று தொடங்கும், ஜிடிக்கு ‘ஜிஎச்டி’. டூரர் என்று விற்கிற வண்டியில் ஜிஎச்டி தகடு இருந்தால் இரண்டு வண்டியை ஒட்டவைத்திருக்கலாம், அங்கேயே கிளம்பிவிடுங்கள். இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்னத் தகட்டை ரிவெட் அடித்திருப்பார்கள், ‘18ஜிபி’, ‘18வி’ என்கிற மாதிரி தொடங்கும். அது வி5சியோடு ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டாம், ஐம்பது வருடத்தில் இன்ஜின் மாற்றுவது சகஜம். ஆனால் அதை வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்துத் திருத்த வேண்டியது வண்டியை வைத்திருப்பவர் கடமை, அங்கே ஆதாரக் கடிதமோ பில்லோ கேட்பார்கள். விற்பவரிடம் அந்த பில் இருந்தால் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கிடைக்காது.

வி5சி ‘தபாலில் வந்துகொண்டிருக்கிறது’ என்று சொன்னால் வரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள். அது இல்லாமல் வாங்கினால் நீங்கள் வி62 படிவமும் 25 பவுண்டும் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை வரிப்பதிவு செய்ய முடியாது, சாலையில் ஓட்டவும் முடியாது. நல்ல வெயில் மாதங்கள் அப்படியே போய்விடும்.

அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த வண்டிகள் நிறைய. 1970இல் செய்த வண்டிக்கு பிரிட்டனில் முதல் பதிவு 1990களில் என்று இருந்தால் அதுதான் காரணம். கலிபோர்னியா போன்ற வறண்ட இடத்திலிருந்து வந்திருந்தால் துரு குறைவாக இருக்கும், அது நல்லது. ஆனால் இடதுபக்க ஸ்டியரிங்கை வலதுபக்கம் மாற்றிய வேலை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். இன்னும் இங்கே பதிவே ஆகாத வண்டி என்றால், முதல்முறை வாங்குகிறவர் அதில் இறங்க வேண்டாம். சுங்கத்துறை அறிவிப்பு, வி55/5 படிவம் என்று அது தனி அலைச்சல்.

பதிவு எண் பலகை பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரப் படத்தில் இருக்கிற அழகான பழைய எண் வண்டியோடு வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சிலர் 80 பவுண்டு கட்டி அந்த எண்ணைத் தமக்கே வைத்துக்கொள்வார்கள், வண்டிக்கு வேறு எண் வரும், புது வி5சி வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

சந்தேகம் தீர இன்னொரு வழி உண்டு. கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால், செய்த தேதி, முதல் நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள். நிறைய விற்பனையாளர்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

5. உடற்கூடு: இங்கேதான் பணம் போகும்

இன்ஜின் கெட்டால் சரிசெய்யலாம், அதற்கு ஒரு வரம்பு உண்டு. கூடு துருப்பிடித்தால் வண்டியின் விலையை விடச் செலவு அதிகமாகிவிடும். எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலேதான் சட்டகம். திறந்த வண்டியில் மேலே கூரையும் இல்லாததால் கதவுக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிற பெட்டிப் பகுதிதான் வீட்டுக்குத் தூண் மாதிரி மொத்தத்தையும் தாங்குகிறது. அதை சில் என்பார்கள். வெளித்தகடு, நடுத்தகடு, அடியில் உள்தகடு என்று மூன்று அடுக்கு. வெளித்தகடு மட்டும் பளபளவென்று இருந்து உள்ளே இரண்டும் பொடியாகிப் போயிருக்கிற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன், அதையும் ‘முழுமையாக மறுசீரமைக்கப்பட்டது’ என்றுதான் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கதவு இடைவெளி. கதவின் பின் விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். விற்பவரிடம் அனுமதி கேட்டு வண்டியை ஜாக்கியில் பக்கவாட்டுத் தாங்குமிடத்தில் மெல்லத் தூக்கச் சொல்லுங்கள், தூக்கும்போது அந்த இடைவெளி சுருங்குகிறதா, கதவைத் திறந்து மூடினால் உரசுகிறதா என்று பாருங்கள். கூடு உறுதியாக இருந்தால் ஒன்றும் மாறாது. இடைவெளி மூடிக்கொண்டால் சில் போய்விட்டது. ஜாக்கி வைக்கவே அவர் தயங்கினால், ஏன் தயங்குகிறார் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். முன் மட்கார்டு வந்து சில்லோடு சேருகிற இடத்தில் ஒரு இணைப்புக் கோடு இருக்க வேண்டும். அந்தக் கோடே தெரியாமல் வழுவழுவென்று இருந்தால் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைக் கொண்டுபோங்கள், பட்டி இருக்கிற இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கிவிடும். தரையில் ஒரு பாயை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து அடிப்பகுதியையும் பாருங்கள். புதிதாகப் பூசிய கறுப்புத் தாரைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். பழைய அழுக்கும் எண்ணெயும் படிந்த அடிப்பகுதியே மேல், இருப்பது அப்படியே தெரியும்.

இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் பாட்டரிப் பெட்டி இருக்கும். 1974 வரை இரண்டு ஆறு வோல்ட் பாட்டரிகள், பிறகு ஒரு பன்னிரண்டு வோல்ட். அமிலம் சிந்திப் பெட்டியை அரித்திருக்கும், அதற்குப் பக்கத்திலேயே பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடமும் இருப்பதால் அங்கே கை விட்டுத் தடவிப் பாருங்கள். கதவின் மேல் விளிம்பில், முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே மேலிருந்து கீழாக ஓடுகிற சின்ன விரிசல் இருக்கும். அது இந்த வண்டிகளின் பிறவி நோய், விலை குறைக்கக் காரணமாகுமே தவிர ஓடவேண்டியதில்லை.

மழையில் போய்ப் பார்க்காதீர்கள். நனைந்த பெயின்ட் எல்லாக் குறையையும் மறைக்கும்.

6. இன்ஜின், ஓட்டிப் பார்த்தல்

‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள்.

சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பிக் காதைக் கொடுங்கள். பின்னால் பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று வேகமாக அடிக்கும், கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கேயோ கசிகிறது. அப்புறம் சோக் இழுத்து ஸ்டார்ட். எண்ணெய் அழுத்த மீட்டர் டேஷ்போர்டில் இருக்கும். நன்றாகச் சூடான பிறகு ஓடும்போது 50 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேலும், நின்றபடி இருக்கும்போது 15க்குக் குறையாமலும் இருந்தால் நிம்மதி. கொஞ்சம் எண்ணெய் சொட்டுவது இந்த இன்ஜினுக்கு இயல்பு. வேகம் எடுக்கும்போது நீலப் புகை வருவது இயல்பு கிடையாது.

ஓட்டும்போது மூன்றாவது, நான்காவது கியரில் ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள், இன்ஜின் சுற்று உடனே குறைய வேண்டும். கடைசி வருட வண்டிகளில் நான்காவதில் மட்டும்தான் வேலை செய்யும். கிளட்ச் வழுக்குகிறதா என்று கவனமாகப் பாருங்கள், ஏனென்றால் கிளட்ச் தட்டின் விலை குறைவுதான், ஆனால் அதை மாற்ற இன்ஜினையே வெளியே தூக்க வேண்டும், பில்லில் பெரும்பகுதி கூலியாக இருக்கும்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். அப்போதும் ஆடினால் கோளாறு பேரிங்கில் இல்லை, கிங்பின் (முன் சக்கரம் திரும்புகிற அச்சு) தேய்ந்திருக்கிறது. அதற்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும், அடித்தவர்கள் குறைவு. கம்பி வீல் என்றால் ஒவ்வொரு கம்பியையும் பென்சிலால் தட்டிப் பாருங்கள், மந்தமாக ஒலிக்கிற கம்பி தளர்ந்தது.

இதெல்லாம் கைக்கு வராது என்று தோன்றினால் எம்ஜி தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், இருநூறு முந்நூறு பவுண்டு ஆகும். எம்ஜி கார் கிளப்பில் சேர்ந்தால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருபது முப்பது வருடமாக இதே வண்டியை வைத்திருக்கிறவர்கள் கிடைப்பார்கள். நான் தயங்கித் தயங்கித்தான் முதல் கூட்டத்துக்குப் போனேன், போனதும் தேநீர் கொடுத்து உட்கார வைத்துச் சொல்லித்தந்தார்கள். ஒதுங்கி நிற்காதீர்கள்.

7. விலையும் மற்றச் செலவும்

தோராயமாகச் சொல்கிறேன். ஓடுகிற நிலையில் உள்ள ரப்பர் பம்பர் வண்டி 4,000 முதல் 8,000 பவுண்டு, நல்ல குரோம் பம்பர் வண்டி 10,000 முதல் 15,000, புதுக் கூட்டில் திரும்பக் கட்டியவை அதற்கும் மேல். இரண்டு மூவாயிரத்துக்குக் கிடைக்கிற ‘கொஞ்சம் வேலை இருக்கிறது’ வண்டியைத் தொடாதீர்கள். பட்டறைக் கூலி மணிக்கு 60 முதல் 100 பவுண்டு வரை போகிறது, இரண்டு பக்கமும் சில் மாற்றுவது நாட்கணக்கான வெல்டிங் வேலை, மேலே பெயின்ட் வேறு. கணக்குப் போட்டால் நல்ல வண்டியே மலிவு.

வாங்குகிற விலைக்கு மேல் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு பவுண்டைத் தனியாக எடுத்து வையுங்கள். டயர், பாட்டரி, ரப்பர் குழாய்கள் என்று முதல் வருடமே கேட்கும். மடக்குக் கூரையைப் பார்க்கும்போதே விரித்து, மாட்டி, பின் கண்ணாடி பிளாஸ்டிக் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள், புதியது வாங்கி மாட்ட சில நூறு பவுண்டு.

ஏலத்தில் வாங்குவதானால் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், அந்தக் கமிஷனுக்கு வாட் வரி. ஓட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். முதல் வண்டிக்கு ஏலம் வேண்டாம்.

நேரம்: ஏப்ரல் மே வெயில் வந்ததும் திறந்த கார்களின் விலை ஏறும். அக்டோபர் முதல் ஜனவரி வரை பேரம் பேச இடமிருக்கும்.

8. பணம் கொடுக்கும் நாள்

தனிநபரிடம் வாங்கினால் ‘பார்த்தபடி விற்கப்பட்டது’ என்பதுதான் சட்டம், அவர் சொன்ன விவரம் பொய்யாக இருந்தால் மட்டுமே கேள்வி கேட்கலாம். அதனால் விளம்பரத்தை அப்படியே சேமித்து, அச்செடுத்து வையுங்கள். வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வண்டியில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. அதற்காகத்தான் அங்கே விலை கூடுதல். வியாபாரியே தன்னைத் தனிநபர் மாதிரி காட்டிக்கொண்டு விற்பதும் நடக்கிறது, வி5சியில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பார்க்காத வண்டிக்கு ஒரு பவுண்டு கூட முன்பணம் வேண்டாம். கொடுக்கிற நாளில், விற்பவர் வீட்டில் உட்கார்ந்து, முதலில் ஒரு பவுண்டு அனுப்பி அவர் கணக்கில் வந்ததா என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். உங்கள் வங்கியின் தினசரி உச்சவரம்பை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள், சனிக்கிழமை மத்தியானம் அங்கே நின்றுகொண்டு வங்கிக்குப் போன் போடுவது பெரிய தலைவலி. ரசீதில் தேதி, தொகை, பதிவு எண், சேஸிஸ் எண், இருவர் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் வர வேண்டும், இரண்டு பிரதி.

விற்பவர் இணையத்திலேயே உங்கள் பெயருக்கு மாற்றிவிடலாம், உங்கள் எதிரிலேயே செய்யச் சொல்லுங்கள். வி5சியில் இருக்கும் பச்சை நிறச் சீட்டைக் கிழித்து உங்களிடம் தருவார். அதைப் பத்திரமாக வையுங்கள், அதில் உள்ள 12 இலக்க எண் இல்லாமல் வரிப்பதிவு நடக்காது. இணையத்தில் மாற்றினால் புது வி5சி ஒரு வாரம் வாக்கில் வந்துவிடும், தபாலில் அனுப்பினால் நான்கு வாரம் வரை ஆகும்.

9. வரி, எம்ஓடி, லண்டன் கட்டணம்

நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிற இடம் இது. 40 வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது, எல்லா எம்ஜிபியும் அதில் அடங்கும். ஆனால் வரி பூஜ்யம் என்றாலும் பதிவு செய்தாக வேண்டும், வருடா வருடம். பழைய சொந்தக்காரரின் வரிப்பதிவு விற்ற நிமிடமே செத்துவிடும், உங்களுக்கு மாறாது. ஆகவே வீட்டுக்கு ஓட்டிப் போவதற்கு முன், இன்சூரன்ஸ் அன்றைக்குத் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அங்கிருந்தே பச்சைச் சீட்டை வைத்து இணையத்தில் பதிவு செய்யுங்கள். எம்ஓடி விலக்கையும் அங்கேயே அறிவிக்கலாம்.

வி5சியில் வரி வகை ‘ஹிஸ்டாரிக்’ என்று இருக்கிறதா என்பதை முன்பே பாருங்கள். தானாக மாறாது. இல்லாவிட்டால் 1549 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கான முழு வரியையும் கேட்கும், வருடம் 300 பவுண்டுக்கு மேல். எம்ஜிபி 1798 சி.சி. வகையை மாற்ற, வாகன வரி வேலை பார்க்கிற தபால் நிலையத்துக்கு வி5சியோடு போக வேண்டும், எம்ஓடி இல்லாவிட்டால் விலக்கை அறிவிக்கிற வி112 படிவமும் எடுத்துப் போங்கள். எல்லாத் தபால் நிலையத்திலும் செய்யமாட்டார்கள், நான் ஒரு கவுன்டரில் வெகுநேரம் வரிசையில் நின்ற பிறகுதான் ‘இங்கே இல்லை’ என்றார்கள். முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஹிஸ்டாரிக் வகை வந்துவிட்டால் லண்டனின் யூலெஸ் (புகை மாசுக்கான) கட்டணமும் இல்லை. நெரிசல் கட்டணம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொண்டு மத்திய லண்டனுக்குள் போய் அபராதம் வாங்காதீர்கள். 1980க்கு முன் செய்த வண்டியாக இருந்தால் பழைய காலத்துக் கறுப்புப் பின்னணி, வெள்ளி எழுத்து எண் பலகையும் மாட்டிக்கொள்ளலாம்.

இன்ஜினை வேறு வகைக்கு மாற்றியோ கூட்டைப் பெரிதாகத் திருத்தியோ கட்டிய வண்டிக்கு எம்ஓடி விலக்கு கிடைக்காமல் போகலாம். வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் போட்டிருக்கிறார்கள் என்று விளம்பரம் பெருமையாகச் சொன்னால் இதைக் கேளுங்கள். விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் வருடா வருடம் எம்ஓடி போடுகிறேன். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பதற்கு அந்த ஐம்பது பவுண்டு அதிகமில்லை.

10. முதல் மாதம்

எத்தனை பில் காட்டியிருந்தாலும் இன்ஜின் எண்ணெயை மாற்றுங்கள், 20டபிள்யூ50 தாது எண்ணெய், நவீன மெல்லிய எண்ணெய் வேண்டாம். பிரேக் திரவத்தை மாற்றுங்கள். கிங்பின்னுக்கு கிரீஸ். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ‘2312’ என்று இருந்தால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பத்து வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

பெட்ரோல் பங்கில் சாதாரண 95 பெட்ரோல் இப்போது இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. 2021 செப்டம்பரிலிருந்து அப்படி. அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும். சூப்பர் என்று போட்டிருக்கிற இ5 அடியுங்கள், லிட்டருக்கு சில பென்ஸ் கூடுதல். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வ் அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது, அந்த ஈய பெட்ரோல் நின்றுபோனதால் சிலிண்டர் ஹெட்டில் கடின வால்வ் சீட் போட்டிருக்கிறார்களா என்று பில் ஃபைலில் தேடுங்கள். போடவில்லை என்றால் மாற்றாக ஊற்றுகிற திரவம் கடையில் கிடைக்கும், டேங்க் நிரப்பும்போதெல்லாம் அதையும் அளவாக ஊற்ற வேண்டும்.

நவம்பரில் சாலையில் உப்புத் தூவத் தொடங்குவார்கள். அதற்கு முன் அடிப்பகுதியைக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் சில்லுக்கு உள்ளே துளை வழியாக மெழுகு அடித்து, கராஜில் நிறுத்திவிடுங்கள். கூரையை விரித்து மாட்டிய நிலையில் வையுங்கள், மடக்கி வைத்தால் மார்ச்சில் திறக்கும்போது பின் கண்ணாடி மடிந்த இடத்தில் வெடித்திருக்கும்.